தோட்டத்துக்கு வந்த தாள்



இன்று பெட்டாலிங் ஜெயாவில் வீடுகளும் தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் எஃபிங்காம் என்னும் ரப்பர்த் தோட்டம் இருந்தது. 1950களின் தொடக்கத்தில்தான் அது நகரமாக மாறத் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த பத்தாண்டில், இத்தகைய தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழர் தமக்கென ஒரு பொதுவாழ்வை எப்படி அமைத்துக்கொண்டார்கள்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அதே ஆண்டுகளில் பிரிட்டனின் மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டிலும் தம் மொழியைக் காக்கும் முயற்சி நடந்தது. ஒரு சிறுவர் இதழில் வந்த வேண்டுகோளிலிருந்து 1922இல் அங்கே ஓர் இளையோர் இயக்கம் பிறந்தது. 1925இல் ஒரு தேசியக் கட்சியும் தோன்றியது. ஆனால் அவர்கள் நின்றது சொந்த மண்ணில். நம்மவரையோ, வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் கூலிகளாகவே அரசு எண்ணிற்று. திரும்பிப் போகிறவனுக்குப் பள்ளி எதற்கு, பத்திரிகை எதற்கு?

1923இல் கூட்டு மலாய் மாநிலங்களில் தொழிலாளர் சட்டம் வந்தது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது அது. பல இடங்களில் பள்ளி என்பது பெயருக்குத்தான். அத்தாப்புக் கொட்டகை, கிராணியோ கங்காணியோ பாடம் சொல்வார், புத்தகமோ தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும். காலையில் தாயோடு பால்மரக் காட்டுக்குப் போன பிள்ளை களைத்து வந்து உட்காரும். இதைக் கல்வி என்று பெருமை பேச எனக்கு மனமில்லை. ஆயினும் அந்தக் கொட்டகையில் சில பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. அது சின்ன காரியமன்று.

மறு ஆண்டே, 1924இல், நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். அடுத்த தோட்டத்துச் சேதியும், இந்தியாவில் நடப்பதும் ஒரே தாளில் வந்தன. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். சாதியைப் பற்றிய வாதம் கப்பலேறி வந்த பழக்கங்களையே உலுக்கிற்று. எதிர்த்தவர்களும் உண்டு, ஆனால் அந்த வாதமும் தமிழில்தானே நடந்தது!

பிறகு ரப்பர் விலை சரிந்தது. 1930இல் ஆள் சேர்ப்பு நின்றது. பல்லாயிரம் பேர் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டனர். 1928இல் முக்கிய மாவட்டங்களில் ஓர் ஆணின் நாட்கூலி 50 காசு. சில ஆண்டுகளில் அது ஏறக்குறைய பாதியாயிற்று.

போகாமல் நின்றவர்கள் இருந்தார்கள். 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கியபோது, அதைப் படிக்க இந்த மண்ணின் கொட்டகைகளிலேயே எழுத்து கற்றவர்களும் காத்திருந்தார்கள்.