நீலத்திரையும் ஓசூர் கற்ற ‘ஏன்’ என்ற கேள்வியும்

வீட்டுக் கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றுவிட்டால், தமிழ்நாட்டில் முதலில் காதில் விழும் தீர்வு ‘ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்பதுதான். இந்தப் பழக்கம் ஒரு காலத்தின் தேவையிலிருந்து பிறந்தது. அந்தக் காலம் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதற்கு மாற்றான முறையோ ஓசூர்த் தொழிற்சாலைகளில் என்றோ வேரூன்றிவிட்டது. 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம், பெங்களூருக்கு 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்த இந்த எல்லையூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980களின் முடிவுக்குள் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவை இங்கே காலூன்றின. ஓசூரில் ஆலை நடத்தும் டிவிஎஸ் மோட்டார், தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 2002இல் பெற்றது. பழுதான பாகத்தை மாற்றியதோடு வேலை முடிந்ததென்று நினைக்காமல், மூலகாரணம் பிடிபடும்வரை ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போவது அந்தத் தர முறையின் உயிர்நாடி.

நீலத்திரையும் அதே கேள்விக்காகப் பிறந்ததுதான். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, மீள முடியாத பிழை நேர்ந்தால் தரவு மேலும் கெடாதபடி இயக்கத்தை நிறுத்தி, காரணத்தைத் தேட உதவும் எண்களைத் திரையில் காட்டியது. வீடுகளில் அடுத்த ஆண்டுகளில் பரவிய விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் அமைப்பு வேறு. ஒரு சாதாரண மென்பொருளே மொத்தக் கணினியையும் சாய்த்துவிட முடிந்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினால் உண்மையிலேயே குணமானது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி என்டியின் அடித்தளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நோயின் இடம் மாறியது. எக்ஸ்பியில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதத்துக்கு, வன்பொருளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களே காரணம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று சொன்னது. அதே ஆண்டுகளில் பல மதர்போர்டுகளில் தரமற்ற கெபாசிட்டர்கள் உப்பி வெடித்தன. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு, யுபிஎஸ் இல்லாத வீடுகளில் ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியையும் சோதித்தது. பழுது ரேமிலோ மின்வழங்கியிலோ இருக்கும்போது ஃபார்மட் செய்தால் குடும்பப் படங்கள் போகும், பழுது போகாது.

மூலகாரணம் தேட மெக்கானிக்குக்கு நேரம் ஏது, வாடிக்கையாளர் அதற்குக் கூலி தருவாரா என்ற எதிர்வாதம் நியாயமானது. ஆனால் அதே கணினி மறுமாதம் திரும்பி வந்தால் இருவருக்கும் நட்டம். ஆலையில் பொறியாளரும் பதிவேடும் உண்டு, வீட்டில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். பதிவேட்டை விண்டோஸே எழுதுகிறது: ஈவன்ட் வியூவரில் பிழையின் நேரம் இருக்கிறது, மினிடம்ப் கோப்பில் சந்தேகத்துக்குரிய டிரைவரின் பெயர் கிடைக்கலாம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது; இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் ஃபார்மட் தேவைப்படவில்லை; தீர்வு, சேஃப் மோடில் நுழைந்து ஒரேயொரு கோப்பை நீக்குவதுதான்.

எனவே அடுத்த முறை நீலத்திரை வந்தால், அதிலுள்ள பிழைக் குறியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எதை மாட்டினோம், எதை அப்டேட் செய்தோம் என்று எழுதி வையுங்கள். ஃபார்மட் கடைசி வழியாக மட்டும் இருக்கட்டும்.