பத்திரிகைத் துணுக்குகளில் நமது வலைப்பந்தாட்ட அணி

நமது கல்லூரியின் வலைப்பந்தாட்ட வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, அது இலகுவான வேலை என்றே எண்ணினேன். அதிபர் அலுவலகத்தின் கண்ணாடி அலுமாரியில் கிண்ணங்கள் இருக்கின்றன. ஆண்டுகளும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கிண்ணத்தில் ஆடியவர்களின் பெயர் இல்லை. யார் ஆடினார்கள், எப்படி வென்றார்கள் என்றறியப் பழைய பத்திரிகைகளைத்தான் தேடவேண்டியிருந்தது. அந்தத் தேடலில் கிடைத்ததையும் கிடைக்காமற் போனதையும் பற்றியதே இக்கட்டுரை.

நமது விளையாட்டின் வேர் கூடைப்பந்தாட்டத்தில் இருக்கிறது. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதனை ஆண்களுக்காக வகுத்தார். மறு ஆண்டே ஸ்மித் பெண்கள் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் விதிகளை மாற்றித் தமது மாணவிகளை ஆடவைத்தார். பெண்கள் அணிகள் இரண்டு கல்லூரிகளின் பெயரால் மோதிய முதலாவது கூடைப்பந்தாட்டம் 1896 ஏப்ரல் 4ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்தது. பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினர். ஸ்ரான்போர்ட் அணி பேர்க்லி அணியை 2-1 என வென்றது. பார்வையாளராக ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே உள்ளூர்ப் பத்திரிகைகள் பெண் நிருபர்களை அனுப்பின. ஆட்டத்தோடு ஆடியவர்களின் உடையும் தலைமுடியும் செய்தியாயின. பெண்கள் பந்தெடுத்து ஓடியது அந்நாளில் அவ்வளவு புதுமை.

அந்த விளையாட்டு இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிக்குச் சென்று, வளையமும் வலையும் பெற்று, 1901இல் தனி விதிகளோடு ‘நெற்போல்’ ஆயிற்று. 1920களில் இலங்கைப் பெண்கள் பாடசாலைகளில் கால் ஊன்றியது. மணல் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பந்தடிக்கும் சத்தத்தோடு நாம் வளர்ந்தது அந்த விளையாட்டோடுதான்.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகளுக்குக் குறைவிருந்ததில்லை. 1841இல் ‘உதயதாரகை’, 1889இல் ‘இந்து சாதனம்’, 1930இல் ‘ஈழகேசரி’, 1959இல் ‘ஈழநாடு’, 1985இல் ‘உதயன்’ என்று அந்த வரிசை நீளும். விளையாட்டுச் செய்திகளுக்கும் இடம் இருந்தது. ஆனால் அந்த இடம் சமமாகப் பங்கிடப்படவில்லை. 1904இல் தொடங்கிய ‘வடக்கின் பெரும் போர்’ கிரிக்கெற் ஆட்டத்துக்குப் பல நாட்கள் முன்பிருந்தே பத்திரிகைகளில் ஆரவாரம் இருக்கும். வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டிக்கோ நான்கைந்து வரிகள். அதுவும் மறுநாள் வந்தால் அதிர்ஷ்டம்.

அந்த நான்கைந்து வரிகளை எழுதியது யார் தெரியுமா? நான் ஆடிய எழுபதுகளில் நிருபர் எவரும் நமது திடலுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆட்டம் முடிந்ததும் விளையாட்டு ரீச்சர் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதுவார். கல்லூரிச் சிற்றூழியர் அதைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பத்திரிகைக் காரியாலயத்தில் கொடுப்பார். ரீச்சருக்கு நேரம் இருந்த நாளில் செய்தி நீளும். இல்லாத நாளில் இரண்டு அணிகளின் பெயரும் கோல் எண்ணிக்கையும் மட்டுமே. ஆகவே நமக்குக் கிடைத்திருக்கும் பத்திரிகைச் செய்திகளிற் பல நமது ஆசிரியைகளின் எழுத்துத்தான் என்று துணிந்து சொல்வேன். அவர்கள் எழுதாத ஆட்டங்கள் நடக்காதவை போலவே ஆகிவிட்டன.

எழுதப்பட்டவற்றிலும் ஒரு குறை உண்டு. ஏழு பேர் ஆடும் இவ்விளையாட்டில் கோல் போட விதி அனுமதிப்பது இருவரை மட்டுமே: கோல் ஷூட்டரையும் கோல் அற்றாக்கையும். செய்தியில் பெயர் வருவதும் பெரும்பாலும் அவர்களுக்கே. பந்தைத் தடுத்துப் பறித்து, மைதானத்தின் நடுவால் கடத்திக் கொடுத்த ஐவரின் பெயர் அச்சேறுவதில்லை. நான் விங் டிபென்ஸ். மூன்று ஆண்டுகள் கல்லூரிக்காக ஆடினேன். என் பெயர் ஒரே ஒரு தடவை பத்திரிகையில் வந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு. அம்மா அதை வெட்டி அலுமாரியில் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தார். “பிழையாய்ப் போட்டாலும் நீதானே பிள்ளை” என்பார்.

பிறகு நெருப்பு வந்தது. 1981 மே மாத இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ‘ஈழநாடு’ காரியாலயமும் எரிந்தன. நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின என்பதை உலகம் அறியும். தொகுத்து வைக்கப்பட்டிருந்த பழைய பத்திரிகைகளும் அந்த அழிவில் போயின. நமது பிள்ளைகளின் நான்கு வரிச் செய்திகளும் அவற்றோடு போயின என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். அழுவதற்கு அதைவிடப் பெரியவை இருந்தன.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. பத்திரிகைத் தாள் தட்டுப்பாட்டால் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சான காலம் அது. அந்தச் சிறு பக்கங்களில் பந்தாட்டத்துக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்! 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் கையில் எடுத்ததோடு வெளிக்கிட்டபோது, வீடுகளில் இருந்த துணுக்குகளும் பின்தங்கின. என் அம்மாவின் அலுமாரியும் அப்படித்தான் போயிற்று.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் மாணவிகளின் ஆட்டங்கள் வர்ணப் படங்களோடு வருகின்றன. ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் ஆடி, அந்த மாற்றத்துக்குப் பெரிதும் துணை நின்றார். ஆயினும் அவரைப் பற்றிய செய்திகளில் எத்தனை, அவரது உயரத்தைச் சொல்லிய பின்னரே ஆட்டத்துக்கு வந்தன! 1896இல் உடை, நம் காலத்தில் உயரம். ஆட்டத்தைப் பார்க்க வந்த கண் ஆடுபவளின் தோற்றத்தில் முதலில் தங்கும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை.

இனி, உலகெங்கும் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். எஞ்சிய பழைய பத்திரிகைகளை ‘நூலகம்’ நிறுவனத்தினர் 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்து வருகின்றனர். ஆனால் அங்கே தேடுவதற்கு நாள் தெரிய வேண்டும். பெயர் தெரிய வேண்டும். நமது சிக்கல் அங்கேதான். துணுக்கில் இருப்பது தந்தையின் முதலெழுத்தோடு கூடிய ‘செல்வி’. இன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ வாழ்பவர் கணவரின் பெயரோடு கூடிய ‘திருமதி’. இருவரும் ஒருவரே என்று சொல்லக்கூடியவர்கள் அவரோடு ஆடியவர்கள் மட்டுமே. அவர்களிற் சிலர் ஏற்கெனவே நம்மை விட்டுப் போய்விட்டார்கள்.

ஆகவே பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஒரு துணுக்கோ அணிப் படமோ கிடைத்தால் அதைப் படம்பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பத்திரிகையின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் எழுதுங்கள். படத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் கல்லூரிக்காலப் பெயரையும் இன்றைய பெயரையும், எந்த இடத்தில் ஆடினார் என்பதையும் எழுதுங்கள். துணுக்கு இல்லையென்றால் நினைவில் உள்ள ஓர் ஆட்டத்தை எழுதி அனுப்புங்கள். கோல் போட்டவரை மட்டுமல்ல, பந்தைக் கடத்திக் கொடுத்தவரையும் மறவாமல் எழுதுங்கள். அன்று முழங்காலில் தாளை வைத்து எழுதிய ரீச்சரின் வேலை இப்போது நம்முடையது.