தவறைச் சொல்லத் துணியும் ஊழியர்கள்

1990களின் தொடக்கத்தில், அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஏமி எட்மண்ட்சன் ஆராய்ந்தார். ஒற்றுமையாகச் செயல்படும் தாதியர் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால், அந்தக் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன.

காரணம், அவர்கள் தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள். 'என்ன நடந்தது?' என்று கேட்கும் தலைமைத் தாதியிடம் பேச்சு வரும், 'யார் செய்தது?' என்று கேட்பவரிடம் வராது. இப்போது ஹார்வர்ட் பேராசிரியரான அவர், 1999ல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தை விளக்கினார். கேள்வி கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ சக ஊழியர்கள் தன்னை இழிவாக நடத்தமாட்டார்கள் என்ற நம்பிக்கை அது.

பணியிடத்தில் எந்த உணர்வை வெளிக்காட்டலாம் என்பதும் முக்கியம். சிகல் பார்சேட், ஒலிவியா ஓநீல் இருவரும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றின் 185 ஊழியர்களை 16 மாத இடைவெளியில் ஆராய்ந்தனர். முடிவுகள் 2014ல் வெளிவந்தன. ஊழியர்கள் ஒருவர்மீது ஒருவர் அன்பும் பரிவும் காட்டிய பிரிவுகளில், வேலைக்கு வராமல் இருப்பதும் மனச்சோர்வும் குறைவு. அங்கிருந்த நோயாளிகளின் மனநிலையும் மேம்பட்டிருந்தது.

சிங்கப்பூர்ப் பணியிடங்களில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. கூட்டம் பாதியில் ஒருசிலருக்கு மட்டுமே புரியும் மொழிக்குத் தாவினால், மற்றவர்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். மேலாளர் அதைக் கவனித்துப் பொதுமொழிக்குத் திருப்பி, விட்டுப்போனதை ஒருமுறை சொன்னாலே போதும். ஆண்டிறுதி விருந்தால் இதை ஈடுகட்ட முடியாது.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மை மசோதா, வயது, இனம், சமயம், மொழித்திறன், மனநலம் உள்ளிட்ட காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வேலைக்கு எடுப்பது, மதிப்பிடுவது, பணிநீக்கம் போன்ற முடிவுகளுக்கு அது பொருந்தும். மதிய உணவுக்கு யாரை அழைக்காமல் போனார்கள் என்பதெல்லாம் அதற்குள் வராது.

குறிப்பாக, குத்தகை நிறுவனங்கள் வழி வரும் துப்புரவாளர்களையும் பாதுகாவல் அதிகாரிகளையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் இருப்பதில்லை. அலுவலகம் இடம் மாறப்போவதுகூட, பெட்டிகள் கட்டப்படும்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.