எரிபொருள் உட்செலுத்து மோட்டார் சைக்கிள் பழுதறிதல்

எரிபொருள் உட்செலுத்து மோட்டார் சைக்கிள் பழுதறிதல் என்பது, கார்பரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்தப்படும் மோட்டார் சைக்கிள்களில், எஞ்சின் சீரின்றி ஓடுவதற்கும் ஓட்டம் நிலைக்காமல் நின்றுவிடுவதற்கும் உரிய காரணத்தைக் கண்டறியும் முறை ஆகும். பட்டறை வழக்கில் இக்குறைபாடு "மிஸ்ஸிங்" என்றும், "ஐடிலிங் நிற்கவில்லை" என்றும் கூறப்படுகின்றது. சாலைச் சந்திப்பில் திரும்பும்போதோ பேருந்தை முந்தும்போதோ எஞ்சின் அணைந்துபோவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மேலும், அளந்து பார்க்காமல் விலையுயர்ந்த உணரிகளையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றுவதால் பணம் செலவாகிப் பழுது அப்படியே நிற்பதும் உண்டு. கீழ்வரும் விளக்கங்கள் இந்தியாவில் பெருவழக்கான ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளை முதன்மையாகக் கொண்டவை.

வரலாறு

மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் 1980 ஆம் ஆண்டில் கவாசாகி நிறுவனத்தின் இசட் 1000 வகை வண்டிகளில் இடம்பெற்றது. இந்தியாவில் 2006 இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் வண்டியின் ஒரு வடிவம் இம்முறையுடன் வெளிவந்தது. எனினும் விலை காரணமாகக் கார்பரேட்டரே நெடுநாள் நீடித்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், சிறிய வண்டிகளும் உட்செலுத்தலுக்கு மாறின. இதனால், திருகாணியைத் திருப்பிக் காதால் கேட்டு ஓட்டத்தைச் சரிசெய்யும் பழைய கைப்பழக்கம் ஒரு தலைமுறை வண்டிகளுக்குப் பொருந்தாமல் போயிற்று.

செயற்படும் விதம்

பெட்ரோல் தொட்டிக்குள் உள்ள மின் பம்பு, எரிபொருளைப் பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்புகின்றது. இன்ஜெக்டர் என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் ஒரு நுண் வால்வு. அது ஒவ்வொரு முறையும் சில மில்லிநொடிகளே திறந்திருக்கும். எவ்வளவு நேரம் திறக்கவேண்டும் என்பதை ஈ.சி.யு. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கின்றது. கிராங்க் தண்டின் சுழற்சி, உள்ளிழுகுழாயின் காற்றழுத்தம், த்ராட்டில் திறந்துள்ள அளவு, உள்வரும் காற்றின் வெப்பம், எஞ்சின் வெப்பம் ஆகியவற்றை உணரிகள் அதற்குத் தெரிவிக்கின்றன. புகைக்குழாயில் உள்ள ஆக்சிசன் உணரி, எரிந்த கலவை செறிவானதா மெலிந்ததா என்பதைத் திரும்ப அறிவிக்கின்றது.

நிலையோட்டத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1400 முறை சுழல்வதாகக் கொண்டால், நான்கடி எஞ்சினில் இன்ஜெக்டர் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் பெட்ரோலைச் சிதறுகின்றது. அப்போது த்ராட்டில் ஏறத்தாழ மூடியே இருப்பதால் உட்செல்லும் காற்று மிகக் குறைவு. காற்று குறைவாக இருக்கும்போது சிறிய பிழையும் பெரிய விகிதமாகிவிடுகின்றது. வேகமாக ஓட்டும்போது தெரியாத கோளாறு, சிக்னலில் நிற்கும்போது முதலில் வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே.

அறிகுறியும் நேரமும்

பழுது எப்போது தோன்றுகின்றது என்பதே முதல் தடயம். குளிர்ந்த நிலையில் மட்டும் நின்றுவிட்டு, சூடேறியபின் சரியாக ஓடினால், நிலையோட்டக் காற்றுவால்வையோ வெப்ப உணரியையோ ஐயுறலாம். சூடேறியபின் திடீரென அணைந்து, கால்மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பினால், கிராங்க் உணரி அல்லது தீப்பொறிச் சுருளின் உட்கம்பி வெப்பத்தில் விலகுகின்றது எனக் கருத இடமுண்டு. நிலையோட்டம் சீராக இருந்து, மேட்டில் ஏறும்போது மட்டும் திணறினால் எரிபொருள் போதவில்லை எனலாம். மழைக்குப் பின் மட்டும் வருமாயின், மின்னிணைப்பிகளில் நீர் புகுந்திருக்கும்.

கோளாறு விளக்கு

சாவியைத் திருப்பியவுடன் முகப்பில் எரியும் எஞ்சின் விளக்கு சற்று நேரத்தில் அணைந்துவிட வேண்டும். அணையாமல் எரிந்தால் அல்லது விட்டுவிட்டு மின்னினால், ஈ.சி.யு. ஒரு பிழையைப் பதிந்துள்ளது. ஹோண்டாவின் பல வண்டிகளில் நீண்ட மின்னல் பத்தையும் குறுகிய மின்னல் ஒன்றையும் குறிக்கும். 1 காற்றழுத்த உணரி, 7 எஞ்சின் வெப்ப உணரி, 8 த்ராட்டில் உணரி, 12 இன்ஜெக்டர், 29 நிலையோட்டக் காற்றுவால்வு என எண்கள் அமைகின்றன. பிற நிறுவனங்களின் எண்கள் வேறானவை. எனவே அவ்வண்டியின் பராமரிப்பு நூலைப் பார்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

இங்கு இரு தவறான நம்பிக்கைகள் பரவலாக உள்ளன. விளக்கு எரியவில்லையெனில் உட்செலுத்தல் நன்றாக உள்ளது என்பது ஒன்று. உண்மையில் உணரியின் மின்னழுத்தம் வரம்பு மீறுவது போன்ற குறைகளையே ஈ.சி.யு. முதன்மையாக அறியும். அழுக்கடைந்த வடிகட்டி, இறுகிய வால்வு, வெடித்த இரப்பர் ஆகியவை பலவேளை அதன் பார்வையில் படுவதில்லை. எண் காட்டும் உறுப்பே பழுதானது என்பது மற்றொன்று. ஆக்சிசன் உணரியின் எண் தோன்றினால், அவ்வுணரி கெட்டிருக்கலாம். அல்லது எங்கோ காற்று கசிவதை அது உள்ளபடியே சொல்லிக்கொண்டும் இருக்கலாம். எண் என்பது தேடவேண்டிய தெருவின் பெயர், வீட்டு இலக்கமன்று.

சோதிக்கும் வரிசை

முதலில் பேட்டரி. முழு மின்னேற்றம் உடைய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டரை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்கு மிகவும் கீழே இறங்கினால் பேட்டரி வலுவிழந்துள்ளது. எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் இயல்பு. மின்னழுத்தம் குறைந்தால் பம்பின் அழுத்தம் தளரும். இன்ஜெக்டரும் தாமதமாகத் திறக்கும். பேட்டரி முனைகளின் திருகாணி தளர்ந்திருப்பதும், சட்டத்தில் பொருந்தும் எர்த் கம்பியில் துரு ஏறியிருப்பதும் இதே விளைவைத் தரும். பல்லாயிரம் ரூபாய்ப் பெட்டியை மாற்றும் முன் ஒரு ஸ்பானரால் செய்யக்கூடிய சோதனை இது.

அடுத்தது எரிபொருள். சாவியைத் திருப்பியதும் தொட்டிக்குள் இரண்டு நொடி அளவு ரீங்காரம் கேட்கவேண்டும். கேட்கவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, எஞ்சின் நிறுத்து பொத்தான், வண்டி சாய்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாய்வு உணரி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். ரீங்காரம் கேட்பதனால் மட்டும் அழுத்தம் சரியென்று ஆகாது. அதை அழுத்தமானியைக் கொண்டே உறுதிசெய்ய இயலும். சிறிது தூரம் ஓடி நின்றபின், தொட்டியின் மூடியைத் திறக்கும்போது காற்று உறிஞ்சும் ஓசை கேட்டால், தொட்டியின் காற்றுத்துளை அடைபட்டுள்ளது.

பம்பு தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சுவதால் அடியில் தங்கும் நீரே முதலில் எஞ்சினுக்குச் செல்லும். 2025 இல் இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டி திணறினால், பழைய பெட்ரோலை முற்றிலும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிப் பார்ப்பதே முதல் மருந்து.

மூன்றாவது காற்று. வடிகட்டி அடைபட்டிருப்பது எளிதில் தெரியும். மறைந்திருப்பது த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையிலுள்ள இரப்பர் இணைப்பின் வெடிப்பு. அதன்வழி உட்புகும் காற்றுக்குக் கணக்கில்லை. எஞ்சின் தானே வேகமெடுத்துத் தானே தாழும். சிலர் இதைக் கண்டறியத் தீப்பற்றும் திரவங்களைச் சூடான எஞ்சின்மீது தெளிக்கின்றனர். இது தீவிபத்துக்கு வழிவகுக்கும். இணைப்பைக் கழற்றி வளைத்துப் பார்ப்பது பாதுகாப்பானது. த்ராட்டில் பாடியின் உட்சுவரிலும் காற்றுவால்வின் துளையிலும் கரி படிவதும் நிலையோட்டத்தைக் கெடுக்கும். அதற்கென உள்ள திரவத்தையும் மென்துணியையும் கொண்டு துடைக்கவேண்டும், கம்பியால் சுரண்டலாகாது.

தீப்பொறிச் செருகியை இறுதியில் அன்றி இடையிலேயே கழற்றிப் பார்ப்பது நன்று. அதன் முனை கருங்கரியாக இருந்தால் கலவை செறிவு. வெண்மையாக வெளுத்திருந்தால் மெலிவு. எஞ்சின் வெப்ப உணரி எப்போதும் குளிர் என்றே பொய் சொன்னால், ஈ.சி.யு. தேவைக்கு மேல் பெட்ரோலைத் தந்து செருகியைக் கரியாக்கிவிடும். அவ்வுணரியின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையவேண்டும். ஓம்மானியில் இதை எளிதில் காணலாம்.

வால்வு இடைவெளி

மின்னணுவில் தேடி அலுத்தபின் பலர் வந்துசேரும் இடம் இது. வால்வு தன் இருக்கையில் தேயும்போது இடைவெளி குறைந்து, சூடான நிலையில் முழுதும் மூடாமல் போகின்றது. அழுத்தம் கசிவதால் உள்ளிழுகுழாயின் வெற்றிடம் வலுவிழக்கின்றது. காற்றழுத்த உணரி அதனைக் கூடுதல் காற்று எனப் படிக்க, ஈ.சி.யு. கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகின்றது. உணரி, இன்ஜெக்டர், பெட்டி மூன்றும் நலமாக இருந்தும் எஞ்சின் நின்றுவிடும். இங்கு தேவைப்படுவது ஃபீலர் கேஜ் எனப்படும் தகட்டளவி மட்டுமே. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும்.

தொடக்கூடாத திருகாணி

த்ராட்டில் பாடியில் வண்ணம் பூசி முத்திரையிட்ட நிறுத்துத் திருகாணி ஒன்று உண்டு. கார்பரேட்டர் பழக்கத்தால் இதைத் திருப்பி நிலையோட்டத்தை ஏற்றுவது பட்டறைகளில் அடிக்கடி நிகழ்கின்றது. இதனால் த்ராட்டில் மூடிய நிலை மாறி, ஈ.சி.யு.வின் அடிப்படைக் கணக்கே பிழையாகின்றது. எஞ்சின் அன்றைக்கு ஓடும், முதற்பழுது மறைந்துகொள்ளும், அடுத்துப் பார்ப்பவருக்கு இரண்டு பழுதுகள் காத்திருக்கும்.

பாதுகாப்பு

எஞ்சினை நிறுத்தியபின்னும் பெட்ரோல் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். பம்பின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, ஆறிய பின்னரே துணி சுற்றிக் குழாயைப் பிரிக்கவேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு நச்சு சேரும். ஈ.சி.யு.வின் இணைப்பியைச் சாவி அணைந்த நிலையிலேயே பிரிக்கவேண்டும். பழுது நீங்கியபின் பதிந்துள்ள எண்களை அழித்து, பராமரிப்பு நூலில் கூறப்பட்டிருப்பின் த்ராட்டில் உணரியை மீளமைத்து, குளிர்ந்த நிலையிலும் சூடேறிய நிலையிலும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.