நாடாவிலிருந்து வட்டுக்கு: வெட்டப்படும் வரலாறு

1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே வீடியோ கேமரா திருமண வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. அரசு ஆவணங்களில் அரிதாகவே இடம்பெறும் சமையற்கட்டு, பந்தி வரிசை, மூதாட்டியரின் பேச்சுமொழி ஆகியவற்றுக்கு அந்த வி.எச்.எஸ். நாடாக்கள் சான்று.

ஈரப்பதத்தில் நாடாவின் காந்தத் துகள்களைப் பிணைக்கும் பசை சிதைகிறது, பூஞ்சையும் படர்கிறது. 2016இல் ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் நிறுத்தியதோடு வி.சி.ஆர். உற்பத்தியும் முடிவுற்றது. எனவே டிவிடிக்கு மாற்றுவது அவசரப் பணி. ஆயினும் சலிப்பூட்டும் பகுதிகள் என்று அப்போது வெட்டப்படுபவை பல வேளைகளில் மேற்சொன்ன காட்சிகளே. பதிவு டிவிடியின் சாயப் பூச்சும் காலப்போக்கில் சிதையும். ஆகவே வெட்டாமல் முழுமையாக மாற்றுங்கள். வன்தட்டிலும் ஒரு படி வையுங்கள். மூல நாடாவை எறிந்துவிட வேண்டாம்.