விலைக்கு வாங்கிய சாபம்

பண்டை மேற்காசிய அரசர்களிடம் வாளும் வில்லும் தேரும் இருந்தன. அவற்றோடு வேறோர் ஆயுதமும் இருந்தது. அதுவே சாபம். எகிப்து நாட்டார் தம் பகையரசரின் பெயர்களை மட்கலங்களிலும் களிமண் பாவைகளிலும் எழுதி, அவற்றை உடைத்துப் புதைப்பது வழக்கம். கி. மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அத்தகைய ஓடுகள் பல அகப்பட்டுள்ளன. கானான் நாட்டு நகரத் தலைவர்களின் பெயர்களும் அவற்றில் உள. பெயர் உடைந்தால் பெயருக்குரியவனும் உடைவான் என்று அவர்கள் நம்பினர். சபிக்க வல்லவன் ஒருவனை அரசன் பொருள் கொடுத்து அழைப்பது அக்காலத்தார்க்கு வியப்பாகத் தோன்றியிராது.

யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களுள் நான்காவதாகிய எண்ணாகமம் அத்தகைய அழைப்பொன்றை விரிவாகச் சொல்கிறது. எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர், எரிகோவுக்கு எதிரே, யோர்தான் நதியின் கீழ்க்கரையில், மோவாபின் சமவெளியிலே பாளையம் இறங்கியிருக்கின்றனர். மோவாபின் அரசன் பாலாக் அஞ்சுகிறான். அயலரசர் இருவரை அவர்கள் வென்ற செய்தி அவனுக்கு எட்டியிருந்தது. வாளினால் ஆகாததை வாக்கினால் முடிக்கலாம் என எண்ணி, பெரிய நதியோரத்துப் பேத்தூரிலிருந்த பிலேயாம் என்பவனுக்குக் கூலியோடு தூதரை அனுப்புகிறான். அந்நதி யூப்பிரத்தீசு என்பதே பொதுவான கொள்கை.

இஸ்ரவேலர்க்கோ இவை ஒன்றும் தெரியா. கூடாரங்களிலே உண்டும் உறங்கியும் இருக்கும் மக்களைப் பற்றி, அவர்கள் காணாத இடத்திலே பேரம் நடக்கிறது. 22 முதல் 24 வரையுள்ள அந்த மூன்று அதிகாரங்களில் அவர்களின் தலைவனாகிய மோசேயின் பெயர்கூட வரவில்லை. காக்கப்படுவோர் தாம் காக்கப்படுவதை அறியார். கதையின் கூர்மை இதிலேதான் உள்ளது.

பிலேயாம் இஸ்ரவேலன் அல்லன். ஆயினும் இஸ்ரவேலரின் கடவுள் அவனோடு பேசுகிறார். அம்மக்கள் ஆசி பெற்றவர்கள், அவர்களைச் சபித்தலாகாது என்பதே முதல் விடை. பாலாக் விலையை உயர்த்துகிறான். முன்னிலும் பெரிய பிரபுக்கள் வருகின்றனர். போகலாம், ஆனால் சொல்லக் கொடுத்ததையே சொல்லவேண்டும் என்று உத்தரவு கிடைக்கிறது. வழியில் நடந்த கழுதையின் கதை பலரும் அறிந்தது. ஞானக்கண் படைத்தவன் என்று பெயரெடுத்தவனுக்கு, உருவிய வாளோடு நின்ற தேவதூதன் தென்படவில்லை. அவன் ஏறிச்சென்ற கழுதைக்குத் தென்பட்டான். மூன்று முறை அடிபட்டபின் அக்கழுதை வாய் திறந்து நியாயம் கேட்கிறது. வேதநூலாசிரியர்க்கு நகைச்சுவை இல்லையென்போர் இப்பகுதியை மறுபடியும் படிப்பது நன்று.

மலைமேல் நடப்பதும் ஏறக்குறைய அவ்வகையினதே. ஏழு பலிபீடங்கள், ஏழு காளைகள், ஏழு ஆட்டுக்கடாக்கள். பிலேயாம் வாய் திறக்கிறான்; ஆசியே வருகிறது. இடம் சரியில்லை போலும் என்று பாலாக் அவனைப் பிஸ்கா சிகரத்துக்கு அழைத்துச் செல்கிறான். மறுபடியும் ஏழு பீடங்கள்; மறுபடியும் ஆசி. சபிக்கவும் வேண்டாம், ஆசி கூறவும் வேண்டாம் என்று அரசன் மன்றாடும் நிலை வந்துவிடுகிறது. ஆயினும் ஆசை விடவில்லை. மூன்றாவதாகப் பேயோர் மலைக்குப் போகிறார்கள். ஆக 21 காளைகளும் 21 கடாக்களும் செலவாயின. சாபம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கையோடு கை தட்டிச் சினந்த பாலாக், கூலி கொடாமலே பிலேயாமை ஊருக்குப் போகச் சொல்கிறான்.

பிலேயாம் என்னும் பெயர் வேதநூலுக்கு வெளியே வழங்கியதுண்டா என்ற கேள்விக்கு 1967ஆம் ஆண்டிலே விடை கிடைத்தது. யோர்தான் பள்ளத்தாக்கில் தேர் அல்லா என்னும் மேட்டை ஒல்லாந்து அறிஞர் பிராங்கென் தலைமையிலே அகழ்ந்தபோது, சுவரிலிருந்து உதிர்ந்த சாந்துத் துண்டுகளில் கருமையாலும் செம்மையாலும் எழுதிய எழுத்துக்கள் தென்பட்டன. காலம் ஏறத்தாழ கி. மு. 800. பேயோரின் மகனாகிய பிலேயாம், தெய்வக் காட்சி காண்பவன் என்று அவ்வெழுத்து அவனைக் குறிக்கிறது. (தமிழில் தந்தையின் பெயரும் மலையின் பெயரும் ஒன்றாகவே ஒலிக்கும், எபிரேயத்தில் அவை வெவ்வேறு.) இரவிலே தெய்வங்கள் அவனிடம் வந்தன, மறுநாள் அவன் உண்ணாதிருந்து அழுதான், வானத்தை இருளால் மூடும்படி தெய்வங்களின் சபை கட்டளையிட்ட செய்தியை மக்களுக்கு அறிவித்தான். எஞ்சிய துண்டுகளில் பாலாக்கும் இல்லை, இஸ்ரவேலரும் இல்லை. வேதநூலார் பெயரற்ற மந்திரவாதி ஒருவனைக் கற்பித்துக்கொள்ளவில்லை. யோர்தானுக்குக் கிழக்கே அஞ்சி மதிக்கப்பட்ட ஒருவனையே எடுத்து, அவன் நாவும் அவனுடையதன்று எனக் காட்டினர்.

அதே எண்ணாகமத்தின் ஆறாம் அதிகாரத்திலே ஆரோனின் வழிவந்த குருமார் கூறவேண்டிய ஆசி வருகிறது. எபிரேயத்தில் அது பதினைந்தே சொற்கள்: முதலடியில் மூன்று, அடுத்ததில் ஐந்து, ஈற்றடியில் ஏழு. காவலும் அருளும் சமாதானமும் அதில் வேண்டப்படுகின்றன. குருமார் இறைவனின் பெயரை மக்கள்மேல் இடுவர். ஆசியைத் தருபவர் இறைவனே என்று நூல் உடனே தெளிவாக்குகிறது. சபிக்க வந்த பிலேயாமுக்குச் சொந்த ஆற்றல் இல்லாதது போலவே, ஆசி கூறும் ஆரோனுக்கும் இல்லை.

1979ஆம் ஆண்டிலே எருசலேமின் பழைய நகருக்குத் தென்மேற்கேயுள்ள புதைகுகையொன்றில், கபிரியேல் பார்க்காய் என்னும் அகழ்வாராய்ச்சியாளர் இரண்டு சிறு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார். அவற்றை உடையாமல் விரிப்பதற்கே ஆண்டுகள் சென்றன. விரித்தபோது, அந்த ஆசியின் சொற்கள் கீறப்பட்டிருந்தன. கி. மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதி அல்லது ஆறாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. ஆசி இறைவனுடையது என்று நூல் சொல்ல, மக்கள் அதனைத் தாயத்தாக்கி அணிந்தனர். மரணத்திலும் அதனை விட்டுப் பிரியவில்லை.

பிலேயாமின் கதை மலையோடு முடியவில்லை. சாபத்தினால் தொட முடியாத அம்மக்கள், சித்தீமிலே மோவாபியப் பெண்களோடு கூடிப் பாகால்பேயோரைத் தொழுதனர். வாதையிலே 24,000 பேர் மாண்டனர் என்கிறது அடுத்த அதிகாரம். அதற்கு ஆலோசனை சொன்னவன் பிலேயாமே என்று பின்னர் ஒரு குறிப்பு வருகிறது. மீதியானியரோடு நடந்த போரிலே அவன் வாளால் வெட்டுண்டான். வெளியிலிருந்து வந்த சாபம் தோற்ற இடத்தில் உள்ளிருந்து எழுந்த ஆசை வென்றதை, அந்நூல் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

ஆயினும் அவன் மூன்றாம் முறை வாய் திறந்தபோது யாக்கோபின் கூடாரங்களின் அழகைப் புகழ்ந்த சொற்கள் அழியவில்லை. காலையில் தொழுகைக்கூடத்தினுள் புகும்போது யூதர் இன்றும் சொல்லும் துதி அவற்றோடுதான் தொடங்குகிறது. 16ஆம் நூற்றாண்டிலே போலந்து நாட்டிலிருந்த சாலமோன் லூரியா என்னும் பேரறிஞர்க்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சபிக்க வந்தவன் சொன்ன சொல்லன்றோ என்று அவர் அந்த அடியை விட்டு, அடுத்த அடியிலிருந்தே தமது துதியைத் தொடங்குவார்.