பத்தமடைப் பாய்

பத்தமடைப் பாய் என்பது திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் கோரைப்புல்லால் நெய்யப்படும் பாய். இது கைவினைப் பொருள் வகையைச் சார்ந்தது. முரட்டு ரகம், நடுத்தர ரகம், பட்டுப் பாய் எனத் தரம் பிரிக்கப்படும். ஆற்றங்கரைகளில் அறுத்த கோரையை வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். பருத்தி நூல் பாவாகவும் கோரை ஊடாகவும் அமையும். பட்டுப் பாய் துணிபோல் மடியும் தன்மையது. முற்காலத்தில் சிவப்புச் சாயம் சப்பங்கட்டையிலிருந்து பெறப்பட்டது. இவ்வூர் லப்பை முஸ்லிம் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், தலைமுறைகளாக இத்தொழிலைப் பேணிவருகின்றனர். மணமக்களின் பெயர் நெய்த பாய் திருமணச் சீராக வழங்கப்படுகிறது. இப்பாய் இந்தியாவின் புவிசார் குறியீடு பெற்றுள்ளது.